கரும்பலகையில் ஏறிய எண்

எங்கள் தோட்டத்துப் பொது மண்டபத்தில் ஒரு கரும்பலகை இருந்தது. கோயில் கூட்டம், தடுப்பூசி நாள், தண்ணீர் வராத நேரம் எல்லாம் அதில்தான் எழுதப்படும். அதன் வலது மூலையில் மூன்று வருடங்கள் என் பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண். சடுகுடு ஆட்டத்தில் நான் பாடிப் போய், யார் கையிலும் சிக்காமல் தொடர்ந்து திரும்பி வந்த தடவைகளின் எண்ணிக்கை அது. ஆபீஸ் கணக்கரான கிராணிதான் அதை எழுதுவார். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பழைய எண்ணை விரலால் அழித்துவிட்டுப் புதியதை எழுதி, ஓர் அடி பின்னால் நகர்ந்து பார்ப்பார். அதை அவர் ‘ரெக்கார்ட்’ என்று சொன்னதும் மற்றவர்களும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள். நானும் சொன்னேன்.

எண்பதுகளின் முதல் பாதி அது. மலேசியாவில், கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் சாலையில், ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டிருந்த தோட்டம். நான் செம்பனைப் பழக்குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டினேன். என் கூட்டாளி குலை வெட்டினான். நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே வயது என்று சொல்லலாம். அவன் என்னைவிட ஏழெட்டு மாதம் மூத்தவன். சடுகுடுவில் நான் பாடிப் போகிறவன், அவன் பிடிக்கிறவன். எதிரணி ஆள் நம் பக்கம் வந்தால் இடது மூலையில் ஒன்றுமே தெரியாதவன் போல நின்றுகொண்டிருப்பான். திடீரென்று கீழே பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான் என்றால், பிடிபட்டவன் எவ்வளவு துள்ளினாலும் விடமாட்டான்.

குலை வெட்டுகிறவர்கள் தங்கள் நம்பரைக் குலைக்காம்பின் வெட்டுவாயில் மெழுகுப் பென்சிலால் எழுதி வைப்பார்கள். யார் வெட்டியது என்று தெரிய வேண்டுமே. கூட்டாளியின் நம்பர் பதினான்கு. அவன் நம்பரோடு நிறுத்துகிற ஆள் இல்லை. நான் டிராக்டரோடு போய் நின்றால் ஒரு காம்பில் ‘14, தூங்குமூஞ்சி’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘14, டீ எங்கே’ என்று இருக்கும். அந்தக் காம்புகளைப் படித்துக்கொண்டே குலை ஏற்றுவது எனக்கு அந்த வேலையில் பிடித்த ஒரே விஷயம்.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். சடுகுடுவில் பாடிப் போகிறவன் எதிரணி ஆளைத் தொட்டுவிட்டு, மூச்சு விடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பினால், தொடப்பட்டவன் வெளியே போய் உட்கார வேண்டும். பாடிப் போனவன் பிடிபட்டால் அவன் வெளியே. வெளியே உட்கார்ந்தவன் தானாக உள்ளே வர முடியாது. அவன் அணியில் எவனாவது எதிரணி ஆள் ஒருவனைப் பிடித்தோ தொட்டோ வெளியேற்றினால்தான் எழுந்து உள்ளே வரலாம். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. யாரையும் தொடாமல், தாண்ட வேண்டிய குறுக்குக் கோட்டைக் கால் கட்டைவிரலால் தாண்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பலாம். அதில் யாருக்கும் லாபமில்லை, நஷ்டமும் இல்லை.

முதல் வருடம் நான் உண்மையிலேயே நன்றாக ஆடினேன். பாம்பு போல உள்ளே போய்த் தொட்டுவிட்டு வருவேன். பலகையில் எண் நூறைத் தொட்டபோது எனக்குள் ஏதோ மாறியது. பிடிபட்டால் அந்த எண் அங்கேயே நின்றுபோகுமே என்ற பயம். அதன் பிறகு மூன்றாவது வழியில் அதிகம் போனேன். உள்ளே போவேன், கையை வீசிக் காட்டுவேன், சத்தமாகப் பாடுவேன், கோட்டைத் தாண்டுவேன், திரும்பிவிடுவேன். பார்க்கிறவர்கள் கை தட்டினார்கள். என் அணியில் மற்ற ஆறு பேரும் விழுந்து, அடிபட்டு, எனக்கும் சேர்த்துப் புள்ளி எடுத்தார்கள். இதை நான் அப்போதே அறிந்திருந்தேன். அறியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய்.

மூன்றாவது வருடம் மாவட்ட இறுதியாட்டம் தஞ்சோங் காராங்கில், நெல்வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு திடலில் நடந்தது. ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே ஓர் அரசாங்க இலாகா தன் அணிக்கு ஆள் எடுக்கிறது, எடுத்தவர்களுக்கு வேலையும் கொடுக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு வயதுக் கட்டுப்பாடு இருந்தது. கூட்டாளிக்கு அதுதான் கடைசி வருடம். அந்த வேலை கிடைத்தால் அவன் குலை வெட்டும் கம்பைக் கீழே வைத்துவிடலாம். அவனுக்குத் தோள்பட்டையில் ஏற்கெனவே வலி இருந்தது. இருபத்தைந்து வயதில் கையைத் தலைக்கு மேலே தூக்கும்போது முகம் சுளிப்பான்.

லோரியில் போகும்போது அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்.

“இந்த ஒரு ஆட்டம் உள்ள போடா. எனக்காக.”

“போறேன்டா. போகாம எங்க போறேன்” என்றேன்.

ஆட்டம் முடிய ஒரே ஒரு பாட்டு மிச்சம். ஒரு புள்ளியில் பின்தங்கி இருந்தோம். நான்தான் போக வேண்டும். எதிரணியில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவனைத் தொட்டு வந்தால் சமன், இரண்டு பேரைத் தொட்டால் ஜெயம். வலது மூலையில் நின்றவன் காலை நீட்டி வைத்திருந்தான். அந்தக் கால் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணிக்கட்டு. என் கைக்கும் அந்தக் கட்டுக்கும் ஒரு சாண் இடைவெளி. நான் பாய்ந்தால் தொட்டிருப்பேன். மற்ற இரண்டு பேரும் என் பின்னால் வளைந்து வருவதும் தெரிந்தது. அவர்களையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்திருக்கலாம், பிடிபட்டும் இருக்கலாம்.

நான் திரும்பிவிட்டேன். மேலே ஒரு தூசி படாமல் நடுக்கோட்டைத் தாண்டி வந்து நின்றேன். விசில் ஊதினார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. தோட்டத்துக்கு வந்ததும் கிராணி பழக்க தோஷத்தில் மண்டபத்துக்குப் போய், பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதினார். தோற்ற அன்றும் என் எண் ஏறியது. கூட்டாளி வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காம்புகளில் வெறும் 14. அதற்கடுத்த நாளும் வெறும் 14. முன்பெல்லாம் நான் வரும் வரைக்கும் சாலையோரம் உட்கார்ந்திருப்பான். இப்போது குலைகளை வரிசையாக அடுக்கிவிட்டு டிராக்டர் சத்தம் கேட்டதும் உள்ளே நடந்துவிடுவான். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று அவன் வீட்டுக்குப் போனேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சீக்கிரம் வரும். அவன் ஒன்றும் பேசாமல் அரிவாளைத் தீட்டிக்கொண்டே இருந்ததில் எரிச்சல் வந்து, “நான் ஒருத்தன் புடிபட்டிருந்தா மட்டும் ஒனக்கு வேல கெடச்சிருக்குமா?” என்று கேட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் சண்டை போட்டுவிட்டு வந்தேன். அதோடு சடுகுடுத் திடல் பக்கமும் போவதில்லை. வீம்புக்குக் குறைச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தில் இருந்தால் பயிற்சி நடக்கிற சத்தம் கேட்கும். அதைக் கேட்கப் பொறுக்காமல் ரவாங்கில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போய்விடுவேன். பத்தாங் பெர்ஜுந்தை வழியாக பஸ் போகும். அக்காள் கணவர், என் மச்சான், அமெரிக்கர்கள் நடத்திய ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிப்பவர். அங்கே இருந்த அமெரிக்க எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது தன் சாமான்களை வேலையாட்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஒருவருக்கு மேசை விசிறி, ஒருவருக்கு இஸ்திரிப் பெட்டி. மச்சானுக்குக் கிடைத்தது ஒரு வீடியோ கேசட்.

“பேன் எங்க, கேசட் எங்க! வாயத் தொறந்து கேட்டிருந்தா குடுத்திருப்பாரு லா” என்று அக்காள் அதையே ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அமெரிக்கா கேசட் நம் ஊர் டெக்கில் சரியாக ஓடவில்லை. மச்சான் யாரிடமோ கொடுத்து மாற்றி வாங்கி வந்தார். மாற்றியதில் கலர் போய், எல்லாம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. மதியச் சாப்பாடு முடிந்து, அக்காள் தரையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அதைப் போட்டார்.

ஒரே ஓர் ஆட்டக்காரரின் கதை அது. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்கிறார்கள், ஆனால் பந்தைக் காலால் தொடுவதே அபூர்வம். தலையில் மோட்டார்சைக்கிள்காரன் போல ஒரு கவசம், தோளில் தலையணை வைத்துத் தைத்தது போல அட்டைகள். பந்து சின்னப் பப்பாளிக்காய் மாதிரி இருந்தது. இந்த ஆளின் வேலை, அந்தப் பந்தைக் கக்கத்தில் அணைத்துக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓடுவது. எதிரணியின் வேலை அவரைப் பிடித்துக் கீழே தள்ளுவது. இவ்வளவுதான் எங்களுக்குப் புரிந்தது. புரிந்த வரைக்கும் அது சடுகுடு மாதிரியே இருந்தது.

அதனால்தான் அக்காளுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் தோட்டத்தில் வளர்ந்தவள், திடலோரம் உட்கார்ந்து எத்தனையோ ஆட்டம் பார்த்தவள்.

“புடிபட்டான்” என்றாள். ஆட்டக்காரர் எழுந்தார். மறுபடி ஓடினார். “இந்தா, மறுபடி புடிபட்டான்.” பயற்றங்காயை ஒடித்துக்கொண்டே எண்ண ஆரம்பித்தாள். இருபதைத் தாண்டியதும் கத்தியைக் கீழே வைத்தாள். “ஏங்க, இவன் ஓடுனா புடிபடுறான், எழுந்தா புடிபடுறான். இவனுக்கா படம் எடுத்திருக்காங்க? நம்ம தோட்டத்துல இவன டீ வாங்கியாரக்கூட அனுப்பமாட்டாங்க.”

நானும் சிரித்தேன். சொல்லப் போனால் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். என்னை யாராலும் தொடக்கூட முடிந்ததில்லை, இந்த ஆள் ஒரே மத்தியானத்தில் இருபது தடவை பிடிபடுகிறார்.

“அப்படியில்ல” என்றார் மச்சான். எஞ்சினியர் அவருக்கு விளக்கியிருந்தாராம். “எத்தன தடவ விழுந்தான்றது பெருசில்ல. விழுறதுக்கு முன்ன எவ்ளோ தூரம் போனான்னு அளக்கிறாங்க. அடுத்த தடவ எவ்ளோ தூரம், அதையும் கூட்டுறாங்க. இப்படியே வருசக் கணக்கா கூட்டிக்கிட்டு வந்தா, அவங்க நாட்டுல இவன விட அதிக தூரம் ஓடுனவன் அப்போ யாருமில்ல. அதான் ரெக்கார்ட்.”

அந்தச் சொல் என் காதில் சரியாக விழவில்லை என்பது போல உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டுப் படத்தை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன், குறை கண்டுபிடிக்கிற எண்ணத்தில்.

படத்தின் தொடக்கத்தில் அவர் மெலிந்த இளைஞராக இருந்தார். போகப் போகக் கழுத்து தடித்தது, கவசத்தைக் கழற்றும்போது நெற்றி ஏறியிருந்தது. பத்து வருடத்துக்கு மேல் இருக்கும் என்றார் மச்சான். முழங்காலை உயரத் தூக்கி, சுடுமணலில் ஓடுகிறவர் போல ஓடுவார். பெரும்பாலும் நாலைந்து அடி தூரம்தான். ஆள்மேல் ஆளாக அவர்மேல் விழுவார்கள். ஓர் இடத்தில் அவர் திடலின் ஓரமாக ஓடினார். ஓரக் கோட்டுக்கு வெளியே ஒரு கால் வைத்தால் போதும், ஓட்டம் அங்கே முடிந்துவிடும், யாரும் இடிக்க வேண்டியதில்லை. எதிரே ஒருவன் வந்தான். அவர் வெளியே போகவில்லை. தோளைத் தாழ்த்திக்கொண்டு அவன்மேலேயே போய் மோதி, இன்னும் இரண்டடி உருண்டுபோய் விழுந்தார். மச்சான் அந்த இடத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டார். எனக்கு அந்த வெள்ளைத் துணிக்கட்டு ஞாபகம் வந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். அவர் விழுந்தால் தனியாக எழுவதில்லை. அவர் அணியில் வயிறு பெருத்த சில ஆட்கள் இருந்தார்கள். பந்தை அவர்கள் தொடுவதே இல்லை. அவருக்கு முன்னால் போய் எதிரிகளை முட்டி வழி உண்டாக்குவது மட்டும் அவர்கள் வேலை. ஒவ்வொரு தடவையும் அந்தக் குவியலுக்குள்ளிருந்து அப்படி ஒருவர் கையை நீட்டுவார். இவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுவார். இருவரும் முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கை அங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் அந்தச் சாதனை நாளைக் காட்டினார்கள். பழைய ரெக்கார்டைத் தாண்டிய அந்த ஓட்டம் அக்காள் வீட்டு முன்கூடத்தின் நீளம்தான் இருக்கும். அதுவும் விழுவதில்தான் முடிந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். அந்தத் தடியர்கள்தான் முதலில் வந்தார்கள்.

“அது அவங்க ஆட்டம். நம்ம ஆட்டத்துல புடிபட்டா வெளிய உக்காரணும்” என்றேன், யாரும் என்னைக் கேட்காமலேயே.

அக்காள் பயற்றங்காய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “உக்காந்தா என்னா? ஒங்கூட்டாளி எதுக்கு இருக்கான், எவனையாச்சும் புடிச்சி ஒன்ன எழுப்பி விடமாட்டானா?” என்று சொல்லிக்கொண்டே குசினிக்குப் போனாள். எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை.

மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்ததில்லை. என்னை எழுப்பி உள்ளே கொண்டுவர யாருக்கும் வாய்ப்புக் கொடுத்ததில்லை. இதுவரை அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் சூடாகிற மாதிரி வெட்கம்.

அடுத்த ஞாயிறு திடலுக்குப் போனேன். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கூட்டாளி இடது மூலையில் நின்றான், என்னைப் பார்க்கவில்லை. அவனுக்கு அதற்குள் வயது தாண்டிவிட்டிருந்தது. அந்த வேலை அவனுக்குப் பிறகு கிடைக்கவே இல்லை. தோட்டத்தை விற்கிற வரைக்கும் குலைதான் வெட்டினான். அதற்கு நான் காரணம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

அடுத்த வருடப் போட்டியின் முதல் சுற்று கோலசிலாங்கூரில், கோட்டை மலைக்குக் கீழே இருந்த திடலில் நடந்தது. முதல் பாட்டு எனக்கு. கூட்டத்தில் கிராணி குடையோடு நின்றார். நான் குறுக்குக் கோட்டைத் தாண்டினேன். நிற்கவில்லை. இன்னும் உள்ளே போனேன். மூலையில் நின்றவனின் இடுப்பைத் தொட்ட அதே நேரத்தில் என் இரண்டு கால்களையும் யாரோ வாரினார்கள். முகம் மண்ணில் போய் இடித்தது. நாலு பேர் மேலே விழுந்தார்கள். பாட்டு தொண்டையிலேயே நின்றது. பிடிபட்டால் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மூச்சு முட்டியது, பல்லில் மணல் கடிபட்டது. எங்கள் தோட்டத்து ஆட்கள் ஏதோ சாவு செய்தி கேட்டவர்கள் மாதிரி நின்றார்கள்.

நான் எழுந்து போய்க் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தேன். அடுத்து எதிரணிக்காரன் பாடிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தான். உயரமான ஆள், கால் வீச்சு நீளம். கூட்டாளி ஒன்றும் தெரியாதவன் போல நின்றான். நான் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனால் பிடிக்க முடியுமா என்ற கவலை எனக்கு இல்லை. என்னை எழுப்புவதற்காகப் பிடிக்க அவனுக்கு மனம் வருமா என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவன் பாய்ந்தான். கணுக்கால். உயரக்காரன் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தான். தோள்வலியோடு கூட்டாளி அவனை விடாமல் பிடித்துக்கொண்டு, அவன் பாட்டு நிற்கிற வரைக்கும் கிடந்தான். பிறகு மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, கோட்டோரம் என் பக்கம் வந்து, கையை நீட்டினான்.

“எழுந்து வாடா” என்றான்.

ஒரு வருடத்துக்கு அப்புறம் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கண்ணில் மண் விழுந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த ஆட்டத்தில் எட்டுத் தடவை பிடிபட்டேன். எட்டுத் தடவையும் யாராவது என்னை உள்ளே கொண்டுவந்தார்கள், ஐந்து தடவை அவன். அன்றைக்கு ஜெயித்தோம், அடுத்த சுற்றில் பாகான் நக்கோடா ஓமார் பக்கத்து அணியிடம் நன்றாகவே தோற்றோம். ஜெயித்த அன்று சாயங்காலம் கிராணி சாக்குக் கட்டியோடு பலகை முன்னால் நின்று, “என்னாப்பா எழுதுறது?” என்று கேட்டார். நானே துண்டை நனைத்து எண்ணையும் பெயரையும் துடைத்தேன்.

மறுநாள் காலை டிராக்டரோடு போனேன். அவன் வெட்டிய வரிசையில் ஆளைக் காணோம். குலைகள் சாலையோரம் அடுக்கியிருந்தன. முதல் காம்பில் 14. இரண்டாவதிலும் 14. ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனேன். கடைசிக் குலையின் காம்பில் நம்பருக்குக் கீழே, மெழுகுப் பென்சிலில் அழுத்தி எழுதியிருந்தான்: ‘எட்டு தடவ. பத்தாது.’

அந்தக் குலையை மட்டும் பின்னால் ஏற்றவில்லை. சீட்டுக்குப் பக்கத்தில், மட்கார்டின்மேல் ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு மில் வரைக்கும் ஓட்டினேன். முள் வழியெல்லாம் கையில் குத்திக்கொண்டே வந்தது.